ஹிஸ்டரி, ஹிஸ்டோரியோகிராஃபி: ஆய்வேட்டில் எது எங்கே?

முதுகலை வரலாறு படிப்பவர்களுக்கு ஹிஸ்டோரியோகிராஃபி என்று ஒரு தாள் இருக்கும். தமிழில் வரலாற்று வரைவியல் என்போம். வரலாற்றியல் என்றும் சில நூல்கள் சொல்கின்றன. ஹெரோடோட்டஸ், இபின் கல்தூன், ராங்கே, நீலகண்ட சாஸ்திரி என்று பெயர்களை வரிசையாகப் படித்து, ஆளுக்கொரு சிறு குறிப்பு எழுதித் தேர்ச்சி பெற்றுவிடுகிறோம். பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போது நெறியாளர் கேட்கிறார்: "உங்கள் தலைப்புக்கு ஹிஸ்டோரியோகிராஃபி எழுதிவிட்டீர்களா?" மாணவர் தலைப்பின் வரலாற்றையே இன்னும் இருபது பக்கம் நீட்டி எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இல்லாவிட்டால், அந்தத் தலைப்பில் வெளிவந்த நூல்களின் பட்டியலைப் பத்தி பிரித்து எழுதுகிறார். கேட்டது இரண்டுமே இல்லை.

ஹிஸ்டரி என்ற சொல்லே இரண்டு வேலை செய்கிறது. நடந்து முடிந்ததையும் அது குறிக்கும். நடந்ததைப் பற்றி ஒருவர் ஆராய்ந்து எழுதியதையும் குறிக்கும். 'வரலாறு' என்ற நம் சொல்லும் அப்படியே. சோழர் வரலாறு என்றால் சோழர் வாழ்ந்த வாழ்வும் உண்டு, அலமாரியில் இருக்கும் புத்தகமும் உண்டு. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு விசாரித்து அறிதல் என்று பொருள். ஹிஸ்டோரியோகிராஃபி அந்த விசாரணையையே விசாரிப்பது. சோழர் காலத்தைப் பற்றி யார், எப்போது, எந்தச் சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வியோடு எழுதினார்கள்; ஒருவர் எழுதியதை அடுத்தவர் எங்கே ஏற்றார், எங்கே மறுத்தார், ஏன் என்று பார்ப்பது. சோழர் வரலாற்றின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விசயாலயன் தஞ்சையைப் பிடித்ததிலிருந்து 1279 வரை. சோழர் வரலாற்று வரைவியலின் காலமோ பெரும்பாலும் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகள். இந்தக் கால வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஹிஸ்டோரியோகிராஃபி இயலில் வரும் ஆண்டுகள் எல்லாம் 985, 1014, 1025 என்று இருந்தால் நீங்கள் வேறு இயலை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே 1890, 1935, 1980 போன்ற ஆண்டுகள் வரவேண்டும்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வரலாறு எழுதும் முறை. சான்றுகளைத் தேடுவது, உண்மை சோதிப்பது, அடிக்குறிப்பு இடுவது எல்லாம் அதே தாளில் சேர்க்கப்படுவதால் வந்த பொருள் இது. ஆய்வேட்டில் அதற்கு ஆய்வு முறையியல் என்று தனி இடம் உண்டு. இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ்க் கலக்க வேண்டாம்.

ஒரு கல்வெட்டு, இரண்டு கேள்விகள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, 921. குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்துவிடுகிறோம். ஆனாலும் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் வரலாறு. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் ஒரு பிராமண ஊர். அதன் சபை, வாரியங்கள் என்ற குழுக்களுக்கு ஆள் தேர்வதற்கு விதி வகுத்தது. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பிரிவுகளாக, இருந்தது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவரானால் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலும் போதும். முதல் கல்வெட்டு முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று வயது வரம்பு இட்டது. இரண்டே ஆண்டில் அது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் விலக்கப்பட்டார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர்.

இவ்வளவும் கல் சொல்வது. இதன்மேல் வரலாற்று மாணவர் கேட்கும் கேள்விகள் பத்தாம் நூற்றாண்டைப் பற்றியவை. வயது வரம்பு ஏன் இரண்டே ஆண்டில் மாறியது? கணக்குக் காட்டாதவரை உறவினரோடு சேர்த்து விலக்கும் அளவுக்கு முன்பு என்ன நடந்திருக்கும்? பிராமணரல்லாதார் இருந்த ஊர்களிலும் இப்படி ஒரு முறை உண்டா? சபை விதி வகுத்தபோது அரசனின் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருந்தார் என்கிறதே கல்வெட்டு, முதல் முறை வந்த தத்தனூர் மூவேந்தவேளான் அங்கே என்ன செய்தார்?

இப்போது அதே கல்லைப் பிடித்துக்கொண்டு வேறொரு பாதையில் செல்வோம். இந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் வெங்கையா இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் விரிவாக வெளியிட்டார். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1830இல், சார்லஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியக் கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று ஒரு குறிப்பில் வருணித்திருந்தார். அரசுகள் வந்து போகும், கிராமம் மட்டும் மாறாமல் நிற்கும் என்பது அவர் கருத்து. நிலவரியை யாரிடம் வசூலிப்பது என்ற விவாதத்துக்குள் பிறந்த கருத்து அது. ஆனால் அந்த விவாதம் ஓய்ந்த பிறகும் கருத்து மட்டும் தங்கிவிட்டது. உத்திரமேரூர்க் கல்வெட்டு அச்சில் வந்தபோது அந்தக் கருத்துக்குக் கல்லில் சான்று கிடைத்ததுபோல் தோன்றியது.

காலமும் அதற்கு இசைவாக இருந்தது. இந்தியர்களுக்குத் தம்மைத் தாமே ஆளும் தகுதி உண்டா என்று கேள்வி எழுப்பப்பட்ட ஆண்டுகள் அவை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் விதி எழுதி வைத்த ஓர் ஊர் கையில் இருக்கும்போது எந்த இந்திய அறிஞர் அதைப் பேசாமல் இருப்பார்? நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் வரலாறு, ஆட்சி பற்றிய கட்டுரைத் தொகுப்பில் உத்திரமேரூரைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துகள் பற்றிய விவாதத்தில் டி. பிரகாசம் இந்தக் கல்வெட்டையே எடுத்துக்காட்டினார். அங்கே 919ஆம் ஆண்டின் கல், புதிய குடியரசின் அமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்ற வாதத்துக்குச் சான்றாக நின்றது.

இரண்டாவதாகச் சொன்னது ஹிஸ்டோரியோகிராஃபி. அதில் பராந்தகன் பேசப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெங்கையாவும் மெட்காஃபும் சாஸ்திரியும் பிரகாசமும் பேசப்படுகிறார்கள். சபையின் விதிகள் எவை என்பதை அது தீர்மானிக்கவில்லை. அவ்விதிகளில் எதைப் படித்தவர்கள் தூக்கிப் பிடித்தார்கள், எதைக் கடந்து போனார்கள் என்பதைக் காட்டுகிறது. தேர்தல் என்று படித்தவர்களுக்கு ஓலையும் குடமும் பெரிதாகத் தெரிந்தன. நிலமும் வேதமும் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை என்பது அதே கல்லில், அதே எழுத்தில்தான் இருந்தது. அதை அழுத்திச் சொல்லப் பிற்காலத்தவர் வரவேண்டியிருந்தது.

எழுவாயைப் பாருங்கள்

நீங்கள் எழுதியது எந்த வகை என்று ஐயம் வந்தால் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பத்தியில் உள்ள வாக்கியங்களின் எழுவாய்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். "சபை விதி வகுத்தது", "இராசேந்திரன் 1025இல் கடற்படை அனுப்பினான்", "வணிகக் குழுக்கள் நன்கொடை அளித்தன" என்று இருந்தால் அது வரலாறு. "சாஸ்திரி சபையைத் தன்னாட்சி அமைப்பாகக் கண்டார்", "பர்ட்டன் ஸ்டைன் இந்தக் கருத்தில் முரண்பாடு இருப்பதாகச் சுட்டினார்" என்று இருந்தால் அது வரலாற்று வரைவியல்.

சோதனை ஏமாற்றும் இடமும் உண்டு. "இராசேந்திரன் கடாரம் வென்றான் என்கிறார் சாஸ்திரி" என்ற வாக்கியத்தில் எழுவாய் சாஸ்திரிதான். ஆனாலும் இது வரலாற்று வாக்கியமே. சாஸ்திரி இங்கே மேற்கோளுக்காக மட்டும் வந்திருக்கிறார். அவர் பெயரை எடுத்து அடிக்குறிப்பில் போட்டால் ஒன்றும் குறையாது. பெயரை எடுத்ததும் வாக்கியம் செத்துப்போனால்தான் அது உண்மையில் அவரைப் பற்றியது.

வினைமுற்றின் காலத்தையும் சொல்லவேண்டும். நம் ஆய்வேடுகளில் "சாஸ்திரி கூறுகிறார்", "கராஷிமா கூறுகிறார்", "ஹுல்ஷ் கூறுகிறார்" என்று எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து இன்று பேசிக்கொண்டிருப்பதுபோல் நிகழ்காலத்தில் எழுதுகிறோம். வரலாற்று வரைவியல் இயலில் இதைத் தவிருங்கள். "1935இல் எழுதினார்", "1980இல் மறுத்தார்" என்று இறந்தகாலத்தில் எழுதிப் பழகினால், வரலாற்றாசிரியரும் ஒரு காலத்தில் வாழ்ந்து, அந்தக் காலத்தில் கிடைத்ததை வைத்து எழுதியவர் என்பது கையிலேயே படிந்துவிடும். என் மாணவர்களிடம் நான் விடாமல் வற்புறுத்தும் திருத்தம் இது.

சண்டை எங்கிருந்து வருகிறது

நூல்களை ஆண்டு வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிச் சுருக்கம் எழுதினால் அது நூலடைவு. வரலாற்று வரைவியல் ஆவதற்கு அந்த நூல்கள் ஒன்றோடொன்று பேசவேண்டும். கருத்து வேறுபட்ட இடமும் வேறுபாட்டின் காரணமும் தெரியவேண்டும். சோழ அரசு எத்தகையது என்ற விவாதத்தை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

நீலகண்ட சாஸ்திரியின் சோழர் பற்றிய பெருநூல் 1935, 1937 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்தது. 1955இல் திருத்திய பதிப்பு வெளியானது. முதலாம் இராசராசன் காலத்து முடியாட்சியை அவர் பைசாந்தியப் பேரரசின் பகட்டோடு ஒப்பிட்டார்: அரண்மனைகள், அதிகாரிகள், சடங்குகள் நிறைந்த, மையத்தில் வலுவான அரசு. அதே நூலில் ஊர்ச் சபைகள் தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொண்ட தன்னாட்சி அமைப்புகளாகவும் வருகின்றன. மேலே வலுவான அதிகார வர்க்கம், கீழே தன்னாட்சி. இரண்டும் எப்படி ஒத்துப்போயின?

இந்த இடத்தைத்தான் அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன் பிடித்தார். 1980இல் வெளிவந்த இடைக்காலத் தென்னிந்தியாவின் உழவர் அரசும் சமூகமும் பற்றிய நூலில், சோழர் அரசு மையப்பட்ட அரசே அல்ல, கூறுபட்ட அரசு என்றார். நாடு என்ற வட்டாரம்தான் உண்மையான அதிகாரம் இருந்த இடம். அரசனின் ஆட்சி காவிரிச் சமவெளிக்கு வெளியே பெரும்பாலும் சடங்கு முதன்மை மட்டுமே என்பது அவர் வாதம். இந்த மாதிரி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றி மானிடவியலாளர் ஐடன் சவுத்தால் எழுதிய ஆய்விலிருந்து. நாடுகள் பற்றிய தகவலுக்கு, எ. சுப்பராயலு கல்வெட்டுகளிலிருந்து நாடுகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வரைபடம் ஆக்கிய 1973ஆம் ஆண்டு நூல் அவருக்கு உதவியது. கோட்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து, தரவு தமிழகத்திலிருந்து. உங்கள் இயலில் ஸ்டைனைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு வேர்களையும் காட்டாவிட்டால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது வாசகருக்குப் புரியாது.

ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா வேறு வழியில் வந்தார். அவரும் சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் ஓர் அடைவு வெளியிட்டார்கள். பெயர், பட்டம், ஊர், காலம் என்று பிரித்து எண்ணத்தக்க வடிவில் தரவு கிடைத்தது. மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் எந்தக் காலத்தில், எந்த வட்டாரத்தில் பெருகின என்று பார்க்க முடிந்தது. உத்திரமேரூரில் 919இல் சபையோடு உடனிருந்த அந்த அதிகாரியின் பட்டமும் இதில் சேர்ந்ததுதான். அதிகாரிகளும் வரித் துறையும் இருந்ததற்கான அடையாளங்கள் இருக்கும்போது சடங்கு முதன்மை மட்டும் என்று சொல்ல இயலாது என்று கராஷிமா ஸ்டைனை மறுத்தார். காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிராமண ஊரில் நிலம் தனித்தனி உடைமையாகவும் மற்றதில் பொது உடைமையாகவும் இருந்ததாக அவர் முன்பே காட்டியிருந்தார். எல்லாக் கிராமமும் ஒரே அச்சு என்ற பழைய எண்ணம் அங்கே உடைந்தது. பிறகு கேசவன் வெளுத்தாட் 1993இல் வெளியிட்ட நூலில் நிலமானிய அமைப்பாக அந்த அரசைப் படித்தார். அந்த விவாதம் வட இந்தியாவைப் பற்றி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதன் தொடர்ச்சி தெற்கே வந்தது.

சாஸ்திரி, ஸ்டைன், கராஷிமா, வெளுத்தாட் ஆகிய நால்வரும் பெரும்பாலும் ஒரே கல்வெட்டுகளைத்தான் படித்தார்கள். ஆனாலும் முடிவுகள் வேறு. வேறுபாடு எங்கே பிறந்தது? சாஸ்திரிக்கு மன்னர் வரிசையும் ஆட்சி நிறுவனங்களும் நிலைநிறுத்தப்பட வேண்டியிருந்தன. அவர் எழுதத் தொடங்கியபோது அந்த எலும்புக்கூடே முழுதாக இல்லை. படியெடுத்த கல்வெட்டுகளில் பல முழு வாசகமாக அச்சேறாமல் ஆண்டறிக்கைகளில் சுருக்கமாக மட்டும் கிடைத்த காலம் அது. ஸ்டைனுக்கு அந்த எலும்புக்கூடு கையில் இருந்தது. அரசு என்றால் என்ன என்பது அவர் கேள்வி. கராஷிமாவின் கேள்வி நிலம் யாருடையது என்பது. கேள்வி மாறும்போது கல்லில் கண் போய் நிற்கும் வரியும் மாறிவிடுகிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இதற்கு இன்னொரு நல்ல சான்று உண்டு. இராசராசன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிற்பெண்களின், பெயரும் ஊரும் வீட்டு வரிசையும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் அதை அச்சிட்டுவிட்டார். நெடுங்காலம் அந்தப் பட்டியல் கோயிலின் செல்வத்துக்குச் சான்றாகவும், பிற்காலத் தேவதாசி முறையின் முன்கதையாகவும் படிக்கப்பட்டது. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வருமளவும் அதையொட்டி நடந்த வாதங்கள் அந்தப் படிப்பின்மேல் அழுத்தமாகப் படிந்திருந்தன. லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூலில் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற்பெண்கள் கொடையாளிகளாக எப்படி வருகிறார்கள் என்று கேட்டார். கொடை கொடுத்தார்கள், அதன்மூலம் கோயிலில் மதிப்பும் உரிமையும் பெற்றார்கள் என்று காட்டினார். கல்லில் ஓர் எழுத்தும் கூடவில்லை. ஆனால் நானூறு பேரும் வேறு மனிதர்களாகத் தெரியத் தொடங்கினார்கள்.

ஒரு நூலை இதற்காகப் படிக்கும் முறை

வரலாற்றுக்காகப் படிக்கும்போது உங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துப் படிக்கலாம். வரலாற்று வரைவியலுக்காகப் படிக்கும்போது முன்னுரையிலிருந்தும் அடிக்குறிப்புகளிலிருந்தும் தொடங்குங்கள். முன்னுரையில் ஆசிரியர் யாரோடு வாதாடுகிறார் என்பது தெரியும். அடிக்குறிப்பில் அவர் எதைப் பார்த்தார் என்பது தெரியும். மேற்கோளில் வராத சான்று எது என்பதையும் தேடுங்கள். செப்பேட்டையும் மெய்க்கீர்த்தியையும் மட்டும் நம்பிய நூலுக்கும், ஊர்க் கணக்கையும் விலையாவணத்தையும் பிரித்துப் படித்த நூலுக்கும் உள்ள தூரம் அங்கேயே புலப்படும்.

பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சாஸ்திரியின் 1935ஆம் ஆண்டுக் கருத்து என்று சொல்லிவிட்டு 1955ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்ணைக் கொடுப்பது ஆய்வேடுகளில் அடிக்கடி நேரும் பிழை. இடையில் இருபது ஆண்டும் ஒரு விடுதலையும் இருக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தால் எந்தப் பதிப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது என்று பாருங்கள்.

அடுத்து, ஆசிரியரின் கையில் அன்று எது இருந்திருக்க முடியும் என்று கேளுங்கள். 1978இல் வந்த பெயரடைவைப் பயன்படுத்தவில்லை என்று 1935இல் எழுதியவரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. கிடைத்திருந்தும் பயன்படுத்தவில்லை என்றால் அது எழுத வேண்டிய செய்தி.

ஆசிரியரின் சாதி, ஊர், கட்சி, நாடு ஆகியவற்றை எடுத்து அதிலிருந்தே அவர் முடிவுகளை விளக்கிவிடும் பழக்கம் நம்மிடம் வலுத்து வருகிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். பின்புலம் பேசத் தக்கதுதான். அதை நூலின் வரிகளில் காட்டவேண்டும். இன்ன சான்றை விட்டார், இன்ன சொல்லைத் தேர்ந்தார், இன்ன இடத்தில் சான்றைத் தாண்டி முடிவுக்குப் போனார் என்று பக்கம் சுட்டி நிறுவிய பிறகே பின்புலத்துக்கு வாருங்கள். அதற்கு முன் வந்தால் அது ஆளைப் பற்றிய தீர்ப்பாகிவிடும்; நூலைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. ஒரே பின்புலம் கொண்ட இருவர் எதிர் எதிர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஒரே மனிதரே தம் கருத்தை மாற்றிக்கொண்டதும் உண்டு. கா. இந்திரபாலா இலங்கையில் தமிழர் குடியேற்றங்கள் பற்றி 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வேடு நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்டது. நாற்பது ஆண்டு கழித்து, 2005இல், இலங்கைத் தமிழர் ஓர் இனக்குழுவாக உருப்பெற்ற வரலாற்றை எழுதியபோது தம் பழைய நிலைப்பாடுகளை அவரே விலக்கி, புதிய தொல்லியல் சான்றுகளோடு வேறொரு சட்டகத்தில் வைத்தார். அவரை மேற்கோள் காட்டுபவர் எந்த ஆண்டின் இந்திரபாலா என்று சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. ஒரு நூல் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்காது. தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம், முதலாம் குலோத்துங்கனைப் பற்றி எழுதும் மாணவருக்கு வரலாற்று நூல். துணைநூல் வரிசையில் அதைச் சேர்ப்பார். இருபதாம் நூற்றாண்டில் தமிழிலேயே ஆய்வு வரலாறு எழுதும் முயற்சி எப்படி வளர்ந்தது என்று ஆராய்பவருக்கோ அதே நூல் முதன்மைச் சான்று. ஆய்வேட்டின் இறுதியில் முதன்மைச் சான்று, துணைச் சான்று என்று பிரிக்கும்போது இதை மறந்துவிடுகிறோம். நூலின் வயதோ புகழோ அதைத் தீர்மானிப்பதில்லை. உங்கள் கேள்வி தீர்மானிக்கிறது.

ஆளைக் குறிக்கும் சொற்கள்

ஹிஸ்டோரியன் என்றால் வரலாற்றாசிரியர். ஹிஸ்டோரியோகிராஃபர் என்ற சொல்லைக் கையாளும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். இன்று வரலாற்று வரைவியலை ஆராய்பவரை அது குறிக்கும். பழைய ஐரோப்பிய வழக்கில் அரசவையின் அதிகாரபூர்வ வரலாற்று எழுத்தரைக் குறித்தது. ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1670இல் இங்கிலாந்து அரசின் அந்தப் பதவியைப் பெற்றார். வால்டேர் 1745இல் பிரெஞ்சு அரசவையில் அதே பதவியில் அமர்ந்தார். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களில் இந்தச் சொல்லைக் கண்டு, வரைவியல் ஆய்வாளர் என்று பெயர்த்துவிடாதீர்கள். அரசவை வரலாற்று எழுத்தர் என்பதே அங்கே சரி.

ஆய்வேட்டில் இடம்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முன்னுரை இயலுக்குள்ளேயே இதற்கு ஒரு பகுதி ஒதுக்குவார்கள். உங்கள் தலைப்பைச் சுற்றி உண்மையான விவாதம் இருந்தால் தனி இயலாக்க நெறியாளரிடம் கேளுங்கள். சோழ அரசு போன்ற தலைப்புக்குத் தனி இயல் தேவை. ஒரே ஒரு கோயிலின் கல்வெட்டுகளை ஆராயும் தலைப்பென்றால் ஆறேழு பக்கம் போதும். அந்தக் கோயிலைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று சொல்லிச் சிலர் அதையும் கைவிடுகிறார்கள், அது தவறு. கோயிலைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள். கோயில் கல்வெட்டுகளை எப்படிப் படிப்பது என்று நூறாண்டாக எழுதியிருக்கிறார்கள். அந்த மரபில் நீங்கள் யாரைப் பின்பற்றுகிறீர்கள் என்று சொல்லவேண்டும்.

நூல்களை ஆண்டு வரிசையில் வைப்பதா, கேள்வி வரிசையில் வைப்பதா? கேள்வி வரிசையே நல்லது. அரசு பற்றிய கேள்வி, நிலம் பற்றிய கேள்வி, வணிகம் பற்றிய கேள்வி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஆண்டு வரிசையில் செல்லுங்கள். ஒருவரே இரண்டு இடத்தில் வந்தால் வரட்டும்.

வரைவியல் பகுதியை எப்போது எழுதுவது என்றும் கேட்கிறார்கள். படிப்பின் தொடக்கத்தில் ஒரு வரைவு எழுதிவைத்து, கல்வெட்டுகளை நேரில் படித்து முடித்தபின் அதைக் கலைத்து மீண்டும் எழுதுங்கள். மூலத்தைப் படிக்காமல் எழுதிய வரைவியலில் மாணவர் எல்லா ஆசிரியர்களுக்கும் தலையாட்டுவார். யார் எந்த வரியைத் தவறவிட்டார் என்பது கல்லைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். முடிந்தால் உத்திரமேரூருக்கு ஒருமுறை போய்வாருங்கள். அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரின் எழுத்தோடு ஒப்பிட்டு ஒரு முழு நாள் படியுங்கள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: இந்த முடிவு கல்வெட்டில் இருக்கிறதா, அல்லது கல்வெட்டைப் படித்தவரின் நூலில் இருக்கிறதா? பக்க எண்ணும் வரி எண்ணும் சொல்லி விடையளிக்க ஆயத்தமாக இருங்கள்.